அலைனர் போட்டதுல இருந்து நாக்கு கொழறுது, ஆடித்தள்ளுபடி வேற வருது, என்ன செய்ய?

வண்ணாரப்பேட்டை சேலை செக்‌ஷன்:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல நிக்கேன். எனக்கு மேல முன்பல்லு ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி இருக்கும், சின்னப்பிள்ளையில இருந்தே அது மனசுல ஒரு குறைதான், போட்டோ எடுத்தா வாய மூடிக்கிட்டுதான் நிப்பேன். இப்ப சீட்டு விழுந்த காச வச்சு கிளியர் அலைனர், அதான் பல்லை நேராக்க மாட்டுத கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை, போட ஆரம்பிச்சிருக்கேன். கம்பி போட்டா செலவு கம்மின்னு வீட்ல சொன்னாவ, ஆனா காலையில கடை தெறந்ததுல இருந்து ராத்திரி மூடுத வரைக்கும் ஆளு மூஞ்சியப் பாத்து பேசுத வேலை, அதனால இதுதான் வேணும்னு நின்னுட்டேன்.

வலி இருக்கு, அது தாங்கிக்கிடலாம். பேச்சுதான் பிரச்சனை. சேலைன்னு சொன்னா ஷேலைன்னும் இல்லாம தேலைன்னும் இல்லாம நடுவுல ஒரு சத்தம் வருது. சில்க் காட்டன், சுங்கடி, சைஸ், டிஸ்கவுண்ட், கேஷ் கவுண்டர், நான் நாள் முழுக்க சொல்லுத வார்த்தை பூரா இந்த சத்தம்தான். பட்டு, புட்டா, முந்தி, மடிப்பு இதெல்லாம் ஒழுங்கா வருது, அது ஏன்னும் வெளங்கல. எச்சி வேற ஊறிக்கிட்டே இருக்கு. நேத்து களக்காட்டுல இருந்து ஒரு ஆச்சி, பேத்தி சடங்குக்கு சேலை எடுக்க வந்தாவ, நான் வெல சொல்லச் சொல்ல என்னம்மா சொல்லுத, என்னம்மா சொல்லுதன்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. அவியளுக்கு காது நல்லாத்தான் கேக்கு, பக்கத்துல நிக்கிற பிள்ள சொன்னது ஒடனே வெளங்கிட்டு. எனக்கு கண்ணு கலங்கிட்டு.

அடுத்து ஆடித்தள்ளுபடி. ஒவ்வொரு வருசமும் வாசல்ல மைக் பிடிச்சு ஆஃபர் சொல்லுதது நான்தான். டாக்டர் ஒரு நாளைக்கு 22 மணி நேரம் போடணும்னு சொல்லியிருக்காரு. கடையில இருக்கைல மட்டும் கழட்டி வச்சுட்டு, ராத்திரி பூரா போட்டுக்கிட்டா போதுமா? இது தானா சரியாகுமா, இல்ல இப்படியேதான் இருக்குமா? ஏற்கனவே போட்டு முடிச்சவங்க சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.


பாளை டீச்சர்:

தங்கச்சி, மொதல்ல மனச தேத்திக்கோ, இது சரியாகும், கண்டிப்பா சரியாகும். நான் பாளையங்கோட்டையில ஸ்கூல் டீச்சர், எனக்கு அலைனர் முடிஞ்சு இப்ப நேரான பல்லு திரும்ப நகராம இருக்க ராத்திரிக்கு மட்டும் ரிட்டெய்னர் போடுதேன். நானும் பேசிப் பொழைக்கிறவதான், அதனால உன் கஷ்டம் எனக்குத் தெரியும். ட்ரேன்னு சொல்லுதது அந்த பிளாஸ்டிக் உறையத்தான், ஒண்ணு முடிஞ்சா அடுத்ததுன்னு மாத்திக்கிட்டே போவோம். மொத ட்ரேயில மொத வாரந்தான் ரொம்ப படுத்தும், அதுக்கப்பறம் பைய பைய கொறஞ்சிரும், பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு வாரத்துக்குள்ள எதிர்ல நிக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. உனக்குத் தெரியுத அளவுக்கு மத்தவங்களுக்குத் தெரியாதுங்கறதும் உண்மை, உன் சத்தம் உன் மண்டைக்குள்ளயும் சேர்ந்து கேக்கும்லா.

பட்டு ஏன் வருது சேலை ஏன் வரலன்னு கேட்டியே, அது நல்ல கேள்வி, அதுல தான் பாதி வழி இருக்கு. ப, ம ரெண்டும் ஒதட்டுல பிறக்குது, அதுக்கு பல்லே வேண்டாம். ட, ண, ள, ழ இதுக்கெல்லாம் நாக்கு மேல மடங்கி அண்ணத்துக்குப் போவுது, அலைனர் அண்ணத்தை மூடாது, அதனால அதுவும் தப்பிச்சிருது. வாழைப்பழம்னு சொல்லிப்பாரு, சுத்தமா வரும். த, நவுக்கு நாக்கு நுனி மேல்பல்லோட பின்பக்கத்தைத் தொடணும், இப்ப அங்க பிளாஸ்டிக் இருக்கு, கொஞ்சம் மொண்ணையா கேக்கும், ஆனா நாக்கு அதை சீக்கிரம் பழகிக்கிடும். ல, ன, ற்ற எல்லாம் பல்லுக்கு மேல ஈறு பக்கம், ட்ரே ஓரம் முடியுத எடம், கொஞ்சம் தட்டும். எல்லாத்தையும் விட அடிவாங்குதது ஸதான். நம்ம தமிழ்ல சேலை, சாப்பாடு, சோறு, சாமின்னு வார்த்தை மொதல்ல வருத சவை நாம ஸன்னுதான் சொல்லுதோம், அதே பச்சை, தச்சன்னு நடுவுல ச்ச வந்தா அழுத்தமா சொல்லிருதோம், அது அவ்வளவா கெடாது. ஆக நீ திருத்த வேண்டியது மொத்தப் பேச்சை இல்ல, ஒரே ஒரு சத்தத்தைத்தான்.

நான் செஞ்சது, காலையில பேப்பரை எடுத்து சத்தம்போட்டு படிக்கிறது. மனசுக்குள்ள படிச்சா ஒரு பிரயோஜனமும் கெடையாது, அடுத்த ரூம்ல இருக்கிறவங்களுக்கு கேக்கணும். வேகத்தை மட்டும் கொறச்சுக்கோ, நம்மூரு வேகம் உனக்கே தெரியும், வார்த்தைய ஒண்ணுமேல ஒண்ணு ஏத்திப் பேசுவோம், அலைனரோட அது ஆகாது. ஸ வருத எடத்துல நாக்கு நுனியை கொஞ்சூண்டு பின்னால இழுத்து, பல்லுல முட்டாம, காத்தை மெதுவா விடு. போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளு, ராத்திரி ராத்திரி கேட்டா மாறிக்கிட்டு வருதது உனக்கே தெரியும். பயிற்சிக்கு வேற எதுவும் தேட வேண்டாம், ஒன் கடை வார்த்தையே போதும், சின்னாளப்பட்டி, சுங்கடி, செட்டிநாடு, சில்க் காட்டன், சரிகைன்னு ஒவ்வொண்ணா நிறுத்தி நிறுத்தி சொல்லு.

கழட்டி வைக்கிறதை மட்டும் செய்யாத தாயி. போட்டுக்கிட்டே பேசுனாத்தான் நாக்கு கத்துக்கும். பகல் பூரா கழட்டிட்டு தூங்கும்போது போட்டா, நாக்கு எதைக் கத்துக்கும்? ஒவ்வொரு நாளும் மொத நாளாவே இருக்கும்.


மொபைல் கடை மேலப்பாளையம்:

டீச்சர் சொல்லுதது எல்லாம் சரிதான் ஆனா ஏவாரத்துல நிக்கிறவனுக்கு அது முடியாதுங்க. நானும் அலைனர்தான் போட்டிருக்கேன். ஒரு கஸ்டமர் என்ன சொல்லுதன்னு திருப்பிக் கேட்டா அவரு அடுத்த கடைக்கு போயிருவாரு. முக்கியமான ஆளு வந்தா ஒரு பத்து நிமிசம் கழட்டி டப்பியில வச்சுட்டு பேசிட்டு திருப்பி மாட்டிக்கிடுதேன், அதனால ஒண்ணும் கெட்டுப் போகல. எல்லாத்துக்கும் 22 மணி நேரம் 22 மணி நேரம்னு பயமுறுத்துனா மனுசன் எப்படி டீ குடிக்க எப்படி சாப்பிட. சேல்ஸ்ல நிக்கிற பிள்ள, அது பொழப்பையும் பாக்கணும்லா.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன், கழட்டினா டப்பியில மட்டுந்தான் வைக்கணும். டிஷ்யூவுல சுத்தி எலைக்குப் பக்கத்துல வச்சா எலை எடுக்கிறவரு சேர்த்து மடிச்சு தூக்கிட்டுப் போயிருவாரு, எங்க தெருவுல ஒரு கல்யாண வீட்ல அப்படித்தான் ஒரு பையனோடது போச்சு, சொதியும் இஞ்சித் துவையலும் கெடந்த எச்சில் தொட்டியில கைய விட்டு தேடுனாவ, கெடைக்கல.


தென்காசிப் பக்கம் பல் டாக்டர்:

உங்க வாயைப் பாக்காம பொதுவாத்தான் சொல்ல முடியும், உங்க டாக்டர் சொல்லுததுதான் முடிவு. ஆனா இதுல சில விசயம் தெளிவாத் தெரிஞ்சுக்கிட்டா பயம் போயிரும்.

ட்ரேயோட கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. அவ்வளவு மெல்லிசுக்கு ஏன் இந்தப் பாடுன்னா, ஸ சொல்லும்போது நாக்குக்கு நடுவுல ஒரு சின்னக் குழி விழுந்து, அது வழியா காத்து ஒரே கோடா முன்பல்லுல போய் மோதணும், அந்த மோதல்லதான் அந்த சீறல் சத்தம் வருது. அந்தப் பாதையே ரொம்பக் குறுகல். ஓடுத வாய்க்கால்ல ஒரு கல்ல போட்டா தண்ணி பக்கவாட்டுல ஒதுங்கிப் போகும்லா, அப்படி காத்து ரெண்டு பக்கமும் ஒதுங்கிருது, அதனாலதான் ஷவும் இல்லாம தவும் இல்லாம ஒரு சத்தம். நாக்கு புது எடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும்தான் இது. கழட்டி மாட்டுத பழைய கிளிப்புல அண்ணத்தை மூடி ஒரு தகடு இருக்கும், அதைப் போட்டவங்க இதைவிட கஷ்டப்பட்டிருக்காங்க, அவங்களும் பழகித்தான் பேசினாங்க.

எச்சி ஊறுததும் அதேதான். வாய்க்குள்ள புதுசா ஒண்ணு வந்ததும் சாப்பாடு வந்திருக்குன்னு வாய் நெனச்சுக்கிடுது. சில நாள்ல அடங்கிரும். பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ முழுங்கிட்டு பேசுங்க. அதே நேரம் ஏசி ஓடுத கடையில வாய் காஞ்சாலும் நாக்கு பிளாஸ்டிக்ல ஒட்டி சத்தம் கெடும், அதனால கவுண்டருக்குக் கீழ ஒரு தண்ணி பாட்டில் வச்சுக்கோங்க. வெறும் தண்ணி மட்டும். ட்ரே போட்டுக்கிட்டு டீ, காபி, ஜூஸ், கலர் எதுவும் கூடாது, சர்க்கரை ட்ரேக்கும் பல்லுக்கும் நடுவுல அடைஞ்சு நின்னா சொத்தை வரும், சூட்டுக்கு பிளாஸ்டிக் நெளிஞ்சும் போகும். கழுவுததும் பச்சத்தண்ணியிலதான், வெந்நீர் கூடாது.

இப்ப முக்கியமான கேள்வி, கழட்டி வைக்கலாமா. மேலப்பாளையம் அண்ணன் சொல்லுத பத்து நிமிசத்தால ஒண்ணும் ஆகாது, உண்மைதான், ஆனா ஜவுளிக்கடை ஷிப்ட் பத்து பன்னெண்டு மணி நேரம். அவ்வளவு நேரம் கழட்டி வச்சா பாதி நாள்தான் பல்லுமேல அழுத்தம் இருக்கும். ஒரு ட்ரே பல்லை நகத்துதது சுமாரா கால் மில்லிமீட்டர்தான், அதுக்கும் விடாம லேசான அழுத்தம் இருந்தாத்தான் வேரைச் சுத்தி இருக்கிற எலும்பு ஒரு பக்கம் கரைஞ்சு மறுபக்கம் வளரும். அழுத்தம் நின்னா பல்லு பழைய எடத்துக்கே திரும்பப் பாக்கும். அப்பறம் ஒவ்வொரு ராத்திரியும் மாட்டும்போது வலி, அடுத்த ட்ரே ஒழுங்கா உக்காராது, திரும்ப அளவெடுத்து புது ட்ரே செய்ய வேண்டி வரலாம். கட்டுன காசும் காலமும் வீணாப் போகும். 20ல இருந்து 22 மணி நேரம்னு நாங்க சொல்லுதது சாப்பாட்டுக்கும் பல்லு வெளக்குததுக்கும் மிச்சம் விட்டுத்தான், பயமுறுத்த இல்ல.

கொழறல் அளவுக்கு மேல இருந்தா மூணு விசயத்தைப் பாக்கணும். ட்ரே முழுசா உக்காந்திருக்கா? கண்ணாடியில பாருங்க, பல்லு நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல எடைவெளி தெரிஞ்சா அது சரியா எறங்கல, கூடவே குடுத்திருப்பாங்க ஒரு மெத்துனு இருக்கிற சின்ன உருளை, சூவின்னு சொல்லுவோம், அதை ஒவ்வொரு பல்லு கிட்டயும் வச்சு கடிச்சு கடிச்சு எறக்குங்க. எறங்காத ட்ரேதான் எச்சியையும் சத்தத்தையும் கூட்டும். அடுத்தது ஓரம். உள்பக்கம் நாக்குல ஒரு எடம் மட்டும் உரசி புண்ணாகுதுன்னா நாக்கு அந்த எடத்துக்குப் போகவே பயப்படும், பேச்சும் கெடும், கொண்டு போய்க் காட்டினா ஒரு நிமிசத்துல தேய்ச்சு மழுக்கித் தருவாங்க. கடைசியா, சிலரோட ட்ரேயில மேல் முன்பல்லுக்குப் பின்னால சின்ன திட்டு மாதிரி வச்சிருப்பாங்க, கடி ஆழமா இருக்கிறவங்களுக்கு, அதாவது கடிக்கும்போது மேல்பல்லு கீழ்பல்லை ரொம்ப மூடுதவங்களுக்கு, அது தேவை. அது இருந்தா ஸ பழக இன்னும் கொஞ்ச நாள் கூட ஆகும், அதுக்காக பயப்பட வேண்டாம். மூணு நாலு வாரம் ஆகியும் பேச்சு கொஞ்சமும் தேறலன்னா உங்க டாக்டர்ட்ட போய் சொல்லுங்க, சும்மா பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க.

காசுக்கு யோசிக்கிறவங்க வேற யாரும் இதைப் படிச்சா, காவல்கிணறு பக்கம் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க விசாரிச்சுப் பாருங்க.


சர்ச் குவையர் ஆல்டோ:

நானும் ஒரு வார்த்தை சொல்லுதேன். நான் பாளையில ஒரு சர்ச் குவையர்ல பாடுதேன். அலைனர் போட்ட புதுசுல எனக்கு பேச்சை விட பாட்டுதான் கவலை, ஏன்னா எங்க வாயில நாள் முழுக்க இருக்கிறதே ஸ்தோத்திரம்தான், அதுல ஸ்ஸும் தோவும் அடுத்தடுத்து வருது, நாக்கு ரெண்டு வேலையை ஒரே மூச்சுல பாக்கணும். எங்க குவையர் மாஸ்டர் சொல்லித் தந்த வழி இது. மொதல்ல தனியா ஸ்ஸ்ஸ்ஸ்னு மூச்சு இருக்கிற வரைக்கும் இழு, காத்து ஒரே சீரா போகுதான்னு உள்ளங்கைய வாய்க்கு முன்னால வச்சுப் பாரு, பக்கவாட்டுல போனா கன்னத்துப் பக்கம் ஈரம் தெரியும். நேரா வருத எடம் கெடைச்சதும் அந்த எடத்துலயே நாக்கை நிறுத்திக்கிட்டு ஸா, ஸீ, ஸூ, ஸே, ஸோ. அப்பறம்தான் முழு வார்த்தை. பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் இதையே செஞ்சேன், வீட்ல எல்லாரும் பழகிட்டாவ. இப்ப ட்ரேயோட தான் பாடுதேன்.

அல்வா சாப்பிட்டா மட்டும் ஒடனே பல்லு வெளக்கிருங்க. ட்ரே பிடிப்புக்காக பல்லுமேல பல்லு நிறத்துல சின்னச் சின்ன மொட்டு ஒட்டியிருப்பாங்கல்லா, நெய்யும் பாகும் அதைச் சுத்திப் போய் பிடிச்சுக்கிடும், அது மேலயே ட்ரேயை மாட்டுனா நாத்தம் எடுக்கும். மஞ்சப்பொடி போட்ட கொழம்பும் அப்படித்தான், வெளக்காம மாட்டுனா ட்ரே மஞ்சளாயிரும், அப்பறம் கிளியர்னு பேரு மட்டும்தான்.


வண்ணாரப்பேட்டை சேலை செக்‌ஷன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொருத்தரும் வீட்டு மனுசங்க மாதிரி சொல்லியிருக்கீங்க. கழட்டுததில்லன்னு முடிவு பண்ணிட்டேன். கூட நிக்கிற பிள்ளைககிட்ட விசயத்தை சொல்லிட்டேன், சூப்ரவைசர் அண்ணன்கிட்டயும் சொன்னேன், வாயைத் தெறந்து காட்டச் சொல்லி பாத்துட்டு, இதுவா, நான் உனக்கு பல்லு வலின்னுல்லா நெனச்சேன்னு சொன்னாரு. அதுக்கப்பறம் மனசு பாதி லேசாயிட்டு, ஒளிச்சுப் பேசணும்னு நெனச்சதாலயே நாக்கு இன்னும் தடுமாறிருக்கும்னு தோணுது. சூவி கடிச்சு எறக்கினதும் வித்தியாசம் தெரியுது, முன்னால எடது பக்கம் ஒரு எடைவெளி இருந்திருக்கு. டாக்டர் சொன்ன ஓரமும் இருக்கு, கீழ் ட்ரேயில வலது பக்கம் நாக்குல உரசுது, சின்னப் புண்ணு.

காலையில சுங்கடி, சில்க் காட்டன், சரிகை எல்லாம் சத்தமா சொல்லுதேன், தம்பி காதைப் பொத்துதான், அம்மா அவன அதட்டுதா. இன்னும் ஸ முழுசா வரல, ஆனா இன்னிக்கு கஸ்டமர் யாரும் திருப்பிக் கேக்கல. மைக்தான் இன்னும் பயமா இருக்கு. நேத்து சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், நேரா பேசும்போது இல்லாத இரைச்சல் மைக்குல வருது. அதுக்கு ஏதாவது இருக்கா டீச்சர்? அப்பறம் ஆடித்தள்ளுபடி தொடங்குத அன்னிக்குத்தான் புது ட்ரே மாத்துத நாளும் வருது.


பாளை டீச்சர்:

மைக்கு எல்லாருக்குமே ஸவை கூட்டித்தான் காட்டும், அலைனர் போடாதவங்களுக்கும் அந்தச் சீறல் வரும். வாய்க்கு நேர் எதிர்ல பிடிக்காத. கொஞ்சம் கீழ எறக்கி, தாடைப் பக்கமா, லேசா சாச்சுப் பிடி, ஒரு நாலு விரக்கடை தள்ளி. காத்து நேரா மைக்குல மோதாம மேல போயிரும், பேச்சு மட்டும் கேக்கும். ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நான் அப்படித்தான் பிடிக்கேன். மைக்செட் அண்ணன்கிட்ட கூர்மையா வருத சத்தத்தை கொஞ்சம் கொறைக்கச் சொல்லு, அவருக்குத் தெரியும்.

இன்னொண்ணு, ஆஃபர் என்ன சொல்லணும்னு முன்னாலயே ஒரு தாள்ல எழுதிக்கோ. எழுதும்போதே ஸ கூட்டமா வருத எடத்தை மாத்திரலாம். ஸ்பெஷல் டிஸ்கவுண்ட் சேல்னு சொல்லுததுக்குப் பதிலா ஆடித்தள்ளுபடி, பாதி வெலை, பட்டுக்கு இவ்வளவு, பாவாடை தாவணிக்கு இவ்வளவுன்னு சொன்னா ஒனக்கும் சுளுவு, டவுன்ல இருந்தும் கிராமத்துல இருந்தும் வருத ஆளுகளுக்கும் அதுதான் காதுல விழும்.

ட்ரே மாத்துததைப் பத்தி, புது ட்ரேயை எப்பவும் ராத்திரி படுக்கப் போகும்போது மாட்டு, தூக்கத்துல பாதி இறுக்கம் போயிரும். அடுத்தடுத்த ட்ரேயில பேச்சு மொத தடவை அளவுக்கு கெடாது, எனக்கு காலையில கொஞ்சம் தட்டும், ஸ்கூல் மணி அடிக்கிறதுக்குள்ள சரியாயிரும். தள்ளுபடி மொத நாளுக்காக மாத்துததை ஒண்ணு ரெண்டு நாள் தள்ளி வைக்கலாமான்னு உன் டாக்டர்கிட்ட போன்ல கேளு, நீயா தள்ளாத. பழைய ட்ரேயையும் தூரப் போடாத, புதுசு தொலைஞ்சாலோ கீறுனாலோ அதுதான் கை குடுக்கும்.


தென்காசிப் பக்கம் பல் டாக்டர்:

டீச்சர் சொன்னது சரி. பொதுவா ஒண்ணு ரெண்டு நாள் அதே ட்ரேயில கூட இருக்கிறதுல தப்பில்ல, முன்கூட்டி மாத்துததுதான் கூடாது. ஆனா கேட்டுட்டே செய்யுங்க. அந்த ஓரத்தை நகம் தேய்க்கிற அட்டையில நீங்களா தேய்க்காதீங்க, கூடப் போனா ட்ரே பிடிப்பு போயிரும், காட்டிட்டு வாங்க.


வண்ணாரப்பேட்டை சேலை செக்‌ஷன்:

நாளைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துல போய் ஓரத்தைத் தேய்ச்சுட்டு, ட்ரே மாத்துததையும் கேட்டுட்டு வாரேன். மைக்கை சாச்சுப் பிடிச்சுப் பாத்தேன் டீச்சர், இரைச்சல் கொறஞ்சிருக்கு. தாள்ல எழுதியும் வச்சுட்டேன்.